ஒரே முகப்பு, பதினான்கு வீடு

கண்ணு,

என் பெயரில் நான் எழுதாத கடிதம் ஒன்று போன வாரம் பதினான்கு வீட்டுக் கதவுகளில் ஒட்டப்பட்டது. அதனால் நான் எழுதும் கடிதம் ஒன்று இப்போது உன் பெயருக்கு வருகிறது. வேலம்பாளையத்தில் நம் பழைய பனியன் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள் பொங்கலுக்குள் காலி செய்து தர வேண்டும் என்று அந்த நோட்டீஸ் சொல்கிறது. கீழே உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் தட்டச்சாகியிருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை, மரியாதைக் குறைவு இல்லை, 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்றுகூட இருக்கிறது. விஷயம் தெரியாதவள் அந்த உரிமையாளர் ஒருத்திதான். நீ கதவில் ஒட்டி ஊருக்குச் சொன்னதால் நானும் என் பதிலை உறைக்குள் வைக்கவில்லை. நம் ஊர் மாத இதழ் ஒன்றில் இது அச்சாகிறது; ஒரு பிரதியை உன் நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். நின்று படிப்பவர்கள் பாதியில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து தொடரலாம்.

நோட்டீஸுக்கு முன்பே உன் புரோஷர் எனக்குக் கிடைத்துவிட்டது. குன்னத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாம்பூலப் பையோடு சேர்த்து அதையும் ஒரு சொந்தக்காரர் என் கையில் வைத்து, "ஏனுங்க அக்கா, தம்பி இங்கிலாந்தையே கொண்டாறாப்பல இருக்குதுங்களே?" என்றார். "ஆமாங்க, மழைய மட்டும் அங்கயே உட்டுட்டு வர்றானுங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, புரோஷரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே முகப்போடு. வெள்ளைத் தூண்கள், கறுப்புக் கதவுகள், கதவைத் தட்டுவதற்குச் சிங்கத்தின் வாயில் ஒரு பித்தளை வளையம், முன்னால் இரும்புக் கம்பி. பெயர் 'வேலம்பாளையம் கிரசென்ட்'. பிறை என்று அர்த்தம். நம் இடம் ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு மாதிரி நேராக இருக்கிறது. பரவாயில்லை, பிறந்த குழந்தைக்குக்கூட முகத்தைப் பார்த்தா பெயர் வைக்கிறோம்? படத்தில் கோட்டுப் போட்ட கணவனும் மனைவியும் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். வானத்தில் வெயிலே இல்லை. வேலம்பாளையத்தின் வெயிலை ஒரு கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்பது தெரிந்திருந்தால் இத்தனை வருடம் ஏசிக்குச் செலவு செய்திருக்க மாட்டேன்.

அன்றே உன்னை வீடியோவில் கூப்பிட்டேன். "ஹெரிட்டேஜ் லுக்கும்மா. இப்ப எக்ஸ்போர்ட்டர்ஸ் எல்லாம் இதைத்தான் கேக்கறாங்க" என்றாய். "யாரோட ஹெரிட்டேஜ் கண்ணு?" என்றேன். "அம்மா, ப்ளீஸ்" என்றாய். லைனில் இருக்கிறவர்களை என்ன செய்வாய் என்று கேட்டேன். "அதெல்லாம் ஸ்மூத்தா பண்ணிக்கலாம்மா. நீங்க ஒரே ஒரு கையெழுத்துத்தான் போடோணும்" என்றாய். அந்த ஸ்மூத் எப்படியிருக்கும் என்பதை அப்புறம் கதவுகளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த இடம் என் அப்பா, அதாவது உன் அப்புச்சி, எனக்கு எழுதி வைத்தது. நான் கையெழுத்துப் போடாமல் அதில் ஒரு செங்கல்லை நகர்த்த முடியாது என்பது உனக்கும் தெரியும், உன்னோடு கூட்டுச் சேர்ந்த பில்டருக்கும் தெரியும். அதனால்தான் முதலில் ஆட்களை நகர்த்தப் பார்த்திருக்கிறீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஜார்ஜ் என்ற பெயரில் நான்கு ராஜாக்கள் ஒருவர்பின் ஒருவராக ஆண்டார்கள். அந்தக் காலத்து வீடுகளுக்கு ஜார்ஜியன் வீடு என்று பெயர். ஒரே பெயரை நான்கு ராஜாவுக்கு வைத்தவர்கள் ஒரே முகப்பை முப்பது வீட்டுக்கு வைத்ததில் ஆச்சரியமில்லை. மூன்று வருடம் முன்பு நீ பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் ஆர்க்கிடெக்டாக வேலை பார்க்கும் பாத் நகரத்துக்கு நான் வந்தபோது முதல் நாளே அப்படியொரு தெருவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். தேன் நிறக் கல்லில் முப்பது வீடுகள், ஒரு பெரிய புல்வெளியைப் பார்த்து வளைந்து நின்றன. முதல் மாடி ஜன்னல் உயரம், மேலே போகப்போகச் சின்னது. "எல்லாம் விகிதம்மா" என்று நீ கையால் காற்றில் அளந்து காட்டினாய். ரோமாபுரிக்காரர்கள் கோயிலுக்கு வைத்த தூணை இவர்கள் எடுத்து வாடகைக்கு விடும் வீட்டுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். குறையாக நினைக்கவில்லை. நாம் அதே தூணைக் கல்யாண மண்டபத்துக்கும் பேக்கரிக்கும் வைத்துவிட்டோம்.

உண்மையில் அந்தத் தெரு எனக்குப் பிடித்திருந்தது. தூணுக்காக இல்லை. முப்பது பேரில் ஒருவர்கூடப் பக்கத்து வீட்டைவிட ஒரு அடி உயர்த்திக் கட்டவில்லை. நம் பக்கம் ஒருவர் இரண்டு மாடி கட்டினால் அடுத்தவர் இரண்டு மாடி கட்டி, அதன்மேல் தண்ணீர்த் தொட்டி கட்டி, தொட்டிமேல் ஒரு சிங்கத்தையும் உட்கார வைப்பார். அங்கே முப்பது வீட்டுக்காரர்களும் ஒரே வரிக்குக் கட்டுப்பட்டு, ஒரே சுவரைப் பங்கு போட்டு, முன்னால் இருக்கும் புல்வெளியைப் பொதுவில் விட்டிருந்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடியுமென்றால் நானே கண்டெய்னர் புக் செய்திருப்பேன். பிறகு நான் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்றேன். "பின்னாடி ஒண்ணுமில்லம்மா" என்றாய். "ஒண்ணுமில்லாததப் பாக்கறதுக்கு டிக்கெட்டா கேக்கறாங்க?" என்றேன். சுற்றிக்கொண்டு போனோம். பின்னால் வீட்டுக்கு வீடு வேறு உயரம். சுவரெல்லாம் குழாய்கள். ஒருவர் துருத்திக்கொண்டு ஒரு அறை கட்டியிருந்தார், இன்னொருவர் தகரம் போட்டிருந்தார். முகப்பை மட்டும்தான் ஒருவர் வரைந்தார், பின்னால் வாங்கினவர்கள் அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டார்கள் என்று நீ கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாய். எனக்கு அப்போதுதான் நம் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு இன்னொன்றும் காட்டினாய். வேறொரு தெருவில் சில வீடுகளின் ஜன்னல்கள் கல்லால் அடைக்கப்பட்டிருந்தன. சட்டம் இருக்கிறது, விளிம்பு இருக்கிறது, நடுவில் சுவர். "ஜன்னலுக்கு வரி போட்டாங்கம்மா. வரிக்குப் பயந்துட்டு அடைச்சுட்டாங்க" என்று சொல்லி என்னை அதற்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தாய். அந்தப் போட்டோவில் என் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று உன் அத்தைகூடக் கேட்டாள். குளிர் என்று சொல்லிவிட்டேன். உண்மையை இங்கே எழுதுகிறேன். வேலம்பாளையத்தில் எந்த வரியும் இல்லாமலே நான் பதினான்கு ஜன்னல்களை அடைத்தவள்.

நீ அப்போது ஊட்டியில் ஹாஸ்டலில் இருந்தாய். லைன் வீடுகளின் பின்ஜன்னல்கள் நம் கம்பெனியின் பின்வாசலைப் பார்த்தபடி இருந்தன. உள்ளே வேலை செய்யும் அம்மாக்கள் டீ டயத்தில் வந்து ஜன்னல் வழியாகப் பிள்ளைகளுக்குப் பன் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டன் மிஷினை வேடிக்கை பார்க்கும். வெளிநாட்டிலிருந்து சரக்கெடுக்கும் பெரிய பையர் ஒருவரின் ஆர்டர் வரவிருந்தது. அதற்கு முன்னால் தொழிலாளர் நலன் எப்படியிருக்கிறது என்று பார்க்க ஆடிட் வருகிறது என்றார்கள். ஆடிட்டுக்கு வருகிறவர் ஜன்னலில் பிள்ளைகளைப் பார்த்தால், பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று எழுதிவிடுவாரோ என்று எனக்குப் பயம். உன் அப்பா திரை போடலாம் என்றார். திரை காற்றில் பறக்கும் என்று நான்தான் ஹாலோ பிளாக் கல் வைக்கச் சொன்னேன். "ஏனுங்கம்மா, இத அடைச்சுட்டா காத்துக்கு என்னங்க பண்ணுவாங்க?" என்று கொத்தனார் கேட்டார். "ரெண்டு நாளைக்குத்தானுங்க. ஆடிட் முடிஞ்சா எடுத்துரலாம்" என்றேன். ஆடிட்டர் வந்தார், தீயணைக்கும் சிலிண்டர்களை எண்ணினார், தொழிலாளர் நலன் மிகவும் நன்று என்று எழுதிவிட்டுப் போனார். அந்த இரண்டு நாள் இன்றைக்குப் பத்தொன்பது வருடம் ஆகிறது. கம்பெனியே பெருமாநல்லூருக்கு மாறிப் போயிற்று, கல் மட்டும் மாறவில்லை. எட்டாம் நம்பரில் இருக்கும் செல்வமேரி அந்த வருடம் ஒரே ஒரு தடவை, "எம்மா, அந்தக் கல்ல எடுத்துருவியளா?" என்று கேட்டாள். எடுத்துவிடுவோம் என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அடைத்த குழியில் மாதா படத்தை வைத்துக்கொண்டாள். ஏழாம் நம்பரில் அதே இடத்தில் முருகன். என் அற்பப் பயத்தால் பதினான்கு பூஜை அறைகள் கிடைத்தன என்று பெருமைப்படவும் வழி இருக்கிறது. நான் படவில்லை.

நான் செய்த இன்னொரு தவறுக்கு நீயே சாட்சி. நம் வீட்டையும் பெரியப்பா வீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் கட்டியபோது, நடுவில் ஒரே பொதுச்சுவர் போதும் என்று கொத்தனார் சொன்னார். உன் அப்பாவுக்கும் அது சரியென்றுதான் பட்டது. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஆணியடித்தால் நம் பக்கம் விரிசல் விழும், நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் கோர்ட்டு வரைக்கும் போகும் என்றேன். அவரவர் சுவர் அவரவருக்கு என்று இரண்டு சுவர் எழுப்பினோம். நடுவில் ஒரு சாண் இடைவெளி. பூச்சுவேலை செய்யக் கரண்டிகூட நுழையாது, பெருக்க விளக்குமாறு நுழையாது, மழைத் தண்ணீர் மட்டும் தாராளமாக நுழையும். உன் பந்து எத்தனை அதற்குள் போயிற்று என்று உனக்கே தெரியும். நம் சனத்தில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் கட்டியிருப்பார்கள். அண்ணன் தம்பி பாசத்தில் எந்தக் குறையும் இருக்காது, ஒரு சாண் இடைவெளி மட்டும் இருக்கும்.

நீ இங்கிலாந்து போன வருடம், பெரியம்மா பழனிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பெரியப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். எழ முடியவில்லை. கையில் கிடைத்த பிளாஸ்டிக் மக்கை வைத்துச் சுவரைத் தட்டியிருக்கிறார். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், நான்கடி தூரத்தில், நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பால்காரர் வந்துதான் பார்த்தார். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது அவர் என்னைத் திட்டவில்லை. "செவுரு நல்லாக் கட்டியிருக்கற அம்மிணி. நாங்கூப்பிட்டது எனக்கே கேக்குல" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். உன் அப்பாதான் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். லைன் வீடுகளுக்கு நடுவில் இருப்பது நாலரை இஞ்சு ஒற்றைச் சுவர். செலவைக் குறைக்க அப்படிக் கட்டினோம், வேறு காரணம் கிடையாது. "இங்க ஒருத்தருக்குத் தும்மல் வந்தா பதினாலு வீட்டுலயும் நூறாயுசுன்னு சொல்லுவாவ" என்பாள் செல்வமேரி. அதை அவள் புகாராகச் சொல்கிறாளா சந்தோஷமாகச் சொல்கிறாளா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

லைனை நான் பெரிதாகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. எட்டுக்குப் பத்தில் ஒரு அறை, அதிலேயே அடுப்பு, மேலே சிமெண்ட் ஷீட், பதினான்கு குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ். அதைக் கட்டியவர்களில் நான் ஒருத்தி. இடிக்க வேண்டிய கட்டடம்தான். அதனால்தான் உன் புரோஷரைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன், யாருமே படிக்காத தரைப்படங்கள் உட்பட. ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே, தெருமட்டத்துக்கு அடியில், 'சர்வண்ட்ஸ் ரூம்' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறாய். அளவு எட்டுக்குப் பத்து. ஜன்னல் இல்லை. எட்டு வீட்டுக்கு எட்டு அறை. நீ என் லைன் வீட்டை இடிக்கவில்லை கண்ணு, தரைக்குக் கீழே இறக்கியிருக்கிறாய். நான் செய்த தவறாவது வெளியில் தெரிகிற மாதிரி இருந்தது.

பாத் நகரத்தில் நீ குடியிருந்ததே அப்படியொரு அறையில்தான். அந்தக் காலத்துச் சமையல்காரர்கள் இருந்த அடித்தளம். படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். பத்து நாள் உன்னோடு இருந்தேன். அதற்காவது ஒரு ஜன்னல் இருந்தது, அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள்தான் தெரிந்தன. ஊருக்குத் திரும்பும்போது அந்தத் தெருக்காரர்களின் ஷூக்கள் அத்தனையும் எனக்கு அத்துப்படி, ஒரு முகமும் தெரியாது. சுவரெல்லாம் ஓதம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ஒரு மிஷினை நீ ஓடவிட்டிருந்தாய், தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் அதிலிருந்து கொட்டுவேன். அடுத்த வருடம் உன் வீட்டுக்காரர் உன்னைக் காலி செய்யச் சொன்னார். இரண்டு மாதம் டைம். நீ வேலை நேரத்தில் என்னைக் கூப்பிட்டாய். "மூணு வருசமா இருக்கறம்மா. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமல்ல? மெயில் அனுப்பிச்சிருக்கான்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஊட்டுக்காரருக்கும் ஒரு காரணம் இருக்குமல்ல கண்ணு." உன் அம்மாவாகப் பேச வேண்டிய நேரத்தில் பதினான்கு வீட்டுக்காரியாகப் பேசிவிட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். வீட்டுக்காரர்கள் இப்படித்தான் பேச வேண்டும் என்று அன்றைக்கு உனக்குப் பாடம் எடுத்தவள் நான்தான். நன்றாகத்தான் படித்திருக்கிறாய்.

போன வாரம் செல்வமேரி நோட்டீஸைக் கிழியாமல் உரித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்றால் வரவில்லை. "எம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே போயிருப்போம்லா. கதவுல ஒட்டணுமா?" என்றாள்.

"நான் ஒட்டலீங்க செல்வமேரி."

"உங்க பேருல்லா போட்டிருக்கு."

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாக நம் செக்கிங் மேஜையில் நிற்பவள் அவள். ஒரு பனியனில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பெருமாநல்லூருக்குக் கம்பெனி மாறியபோதும் வீட்டை மாற்றவில்லை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். வேறு வீடு பார்த்தீர்களா என்று கேட்டேன். "மூணு நாளா அலையுதோம். வீடு இருக்கு. எந்த ஊரு, என்ன ஆளுவன்னு முதல்ல கேக்காவ. சொன்ன பொறவு வீடு இல்லங்காவ. நீங்க மட்டுந்தாம்மா அன்னைக்கு அதக் கேக்கல" என்றாள். என் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஒரு ஷிப்மெண்ட்டுக்கு ஆள் பற்றாக்குறை, உன் அப்பா அவசரத்தில் இருந்தார், கேட்க நேரமில்லை. அவசரத்தில் நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அவள் போனதும் மேனேஜர் பழனிச்சாமியைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, நோட்டீஸ் ஒட்டுனது நீங்களா?"

"ஆமாங்கம்மா. தம்பி வாட்ஸப்புல அனுப்பிச்சு பிரிண்ட் எடுக்கச் சொன்னாருங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்னங்க?"

"கேட்டா நீங்க வருத்தப்படுவீங்கன்னு தம்பி சொன்னாருங்க."

"வருத்தப்படுவேன்னு தெரிஞ்சுட்டுத்தான் ஒட்டுனீங்களாக்கும்."

"ஆமாங்... இல்லீங்கம்மா" என்றார். முப்பது வருட சர்வீஸில் அவர் சொன்ன மிக நேர்மையான வாக்கியம் அதுதான். அவர்மேல் கோபப்படாதே, அம்மாவும் மகனும் இரண்டு சுவராக நின்றால் நடுவில் சிக்கிய ஆள் என்ன செய்வார்?

பிறகு நான் மூன்று காரியங்கள் செய்தேன். மறுநாளே ஆள் வைத்து ஹாலோ பிளாக்குகளை உடைத்தெடுத்தேன். இடிக்கப்போகிற கட்டடத்துக்கு ஜன்னல் எதற்கு என்று பழனிச்சாமி கேட்டார். இடிக்கிறவரைக்கும் மூச்சு விட என்று சொன்னேன். செல்வமேரி மாதாவை வேறு சுவருக்கு மாற்றிவிட்டு, வெறும் ஜன்னலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது. இரண்டாவது, உன் பில்டருக்கு எழுதிவிட்டேன்: கையெழுத்து கிடையாது, இந்த வருடமும் இல்லை, நான் இருக்கிற எந்த வருடமும் இல்லை. எனக்கு ஒன்று நேர்ந்தால் இடம் உனக்கு வரும் என்று அவர் கணக்குப் போடலாம். அதற்கும் வக்கீலைப் பார்த்துவிட்டேன். லைனில் வீட்டுக்கு ஒருவரையும் சேர்த்து, அந்த உயிலில் வருகிறவர்கள் மொத்தம் பதினைந்து பேர். நீயும் ஒருவன். என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நான் உனக்குச் செய்யாமல் விட்ட நல்லதுகளில் ஒன்று, உன்னைக் கோபப்படுத்துவது.

உனக்கு அறிவுரை சொல்கிற வயதைத் தாண்டிவிட்டாய், எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாத வயது வந்துவிட்டது. ஆகவே கேள். நீ ஆறு வருடம் அந்த வீடுகளுக்குள் இருந்து படித்தவன், பழுது பார்த்தவன். அவற்றில் ஒரு நல்ல விஷயம் உண்டென்றால் அது பக்கத்து வீட்டுக்காரனோடு ஒத்துப்போய்க் கட்டியது. தூண் அதற்கு அப்புறம் வந்த அலங்காரம். நீ அலங்காரத்தை எடுத்துக்கொண்டு மற்றதை அங்கேயே விட்டுவிட்டாய். வேலம்பாளையத்துக்கு ஒரு வரிசை வீடு வரைய வேண்டுமென்றால் வரை. பதினான்கு வீடு, இப்போது இருக்கிற பதினான்கு குடும்பத்துக்கு. ஒரே உயரம், ஒன்பது இஞ்சுப் பொதுச்சுவர், வீட்டுக்கு ஒரு கக்கூஸ், முன்னும் பின்னும் திறக்கிற ஜன்னல், நடுவில் பிள்ளைகள் ஓட ஒரு பொது இடம். முகப்பு உன் இஷ்டம். தூண் வைக்காமல் உனக்குத் தூக்கம் வராது என்றால் வை, துணி காயப்போடக் கயிறு கட்ட உதவும். அடித்தளம் மட்டும் கூடாது. யாரும் யாருடைய காலையும் பார்த்துக்கொண்டு வாழக் கூடாது. அந்தப் படத்தைக் கொண்டுவா, புரோஷர் வேண்டாம், பென்சிலில் போட்டால் போதும். அதே நாளில் கையெழுத்துப் போடுகிறேன். லாபம் குறையும் என்பாய். குறையும். உன் பாத் நகரத்தில் அந்த முகப்புகளைக் கட்டியவர்களில் திவாலானவர்களும் உண்டு என்று நீதான் எனக்குச் சொன்னாய். அவர்கள் கட்டியது இன்னும் நிற்கிறது.

மூன்றாவது காரியம் இதுதான். ஒன்பதாம் நம்பரில் இருந்த ஒடிசாப் பையன்கள் நால்வர் நோட்டீஸைப் பார்த்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கதவில் ஒட்டுகிற தாள் நல்லதாக இருக்காது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. போனவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த வீடு காலியாக இருந்தது. உன் அப்பா போனதிலிருந்து நான் தனியாக இருந்த நம் வீட்டைப் பூட்டிவிட்டு, வியாழக்கிழமை ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு பெட்டிப் புத்தகத்தோடு நான் அங்கே குடிவந்துவிட்டேன். பெரியப்பா கேட்டதும், "உனக்கு மூளை கொழம்பிப் போச்சா அம்மிணி?" என்று போனில் கத்தினார். கத்திவிட்டு, தன் வீட்டுச் சாய்வு நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். அது கதவுக்குள் நுழையவில்லை. வெளியில் கிடக்கிறது, வரிசையில் எல்லாரும் மாறி மாறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

செல்வமேரிக்குத்தான் என் வரவு பிடிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் சாமான்களைப் பார்த்தாள். "எம்மா, இது உங்களுக்குச் சரிப்படுமா?"

"இருந்துதான் பாக்கறனுங்களே."

"எத்தன நாளைக்கு?"

"நோட்டீஸ எடுக்கற வரைக்கும்."

"அப்பம் தண்ணி வர்ற நேரத்தக் குறிச்சுக்கிடுங்க. காலைல அஞ்சரை. லேட்டா வந்தா ஓனரம்மான்னெல்லாம் யாரும் பாக்க மாட்டாவ" என்றாள். மறுநாள் நான் ஐந்தேமுக்காலுக்குப் போனேன். யாரும் பார்க்கவில்லைதான். எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண் மட்டும் என் நரைத்த தலையைப் பார்த்து, முன்னால் போங்க பாட்டி என்றாள். எல்லாருக்கும் என்ன நியாயமோ எனக்கும் அதேதான் என்று வரிசையிலேயே நின்றேன். இரண்டு குடம் கிடைத்தது.

இங்கிருந்துதான் இதை எழுதுகிறேன். ஐப்பசி மழை ஷீட்டில் அடிக்கிற சத்தத்தில் எனக்கு நான் நினைப்பதே கேட்கவில்லை, அதனால் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்காது. நீ தை மாதத்தில் வருவதாக எழுதியிருக்கிறாய். இதைப் படித்தபின் முன்னாடியே வருவாய் என்று நினைக்கிறேன். சத்தம் போடு, வக்கீலைக் கூட்டி வா, சொந்தக்காரர்களை வரிசையாக அனுப்பு. எல்லாருக்கும் டீ வைத்துத் தருகிறேன். இந்தப் பதினான்கில் ஒரு வீடு காலியாக வேண்டுமென்றாலும் ஒன்பதாம் நம்பரும் காலியாக வேண்டும். நோட்டீஸ் கொடுக்கிற முறையெல்லாம் உனக்குத் தெரியும், ஆகவே ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உன் அம்மாவைக் காலி செய்யச் சொல்ல எத்தனை நாள் டைம் கொடுப்பாய் என்று, உன் பெயரைப் போட்டு, உன் கையால் எழுதி அனுப்பு.

அசையாத அன்போடு,
உன் அம்மா
9, லைன் வீடு, வேலம்பாளையம்